திருந்திவிட்டேன் என்று ஆறு முறை சொன்னேன்

மூன்றரை வருடத்தில் ரம்மி ஆப்பில் நான் விட்ட பணம் 9 லட்சத்து 35 ஆயிரம். பேங்க் ஸ்டேட்மெண்ட்டை வரி வரியாகக் கூட்டி எடுத்த கணக்கு இது. அதற்காக வாங்கிய கடனுக்கும் அடகுக்கும் கட்டிய வட்டி 2 லட்சத்து 10 ஆயிரம். இதிலிருந்து வெளியே வருவதற்காக, 'உள்ளிருந்து மாற்றம்' தருவதாகச் சொன்ன ஒரு முகாமுக்குக் கட்டியது 53 ஆயிரம். மொத்தம் 11 லட்சத்து 98 ஆயிரம். அப்போது என் மாதச் சம்பளம் 31 ஆயிரம்.

ரம்மி ஆடாதே என்று எச்சரிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. ஆட்டத்தை விட வேண்டும் என்று மனதார முடிவு செய்த பிறகுதான் நான் அதிகம் இழந்தேன். முடிவெடுப்பதற்கு முன்னால் போனது 3 லட்சத்து 80 ஆயிரம், அதற்குப் பின்னால் போனது 5 லட்சத்து 55 ஆயிரம். மனிதன் ஒரே நாளில், ஒரே கணத்தில் மாறிவிடுவான் என்று நான் நம்பினேன். அந்தக் கணம் எனக்கும் வரும் என்று காத்திருந்தேன். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைகளும் படித்த புத்தகங்களும் கொடுத்த நம்பிக்கை அது. அந்தக் கதைகளை எல்லாம் நான் பாதியிலேயே மூடி வைத்திருக்கிறேன் என்று பிற்பாடுதான் தெரிந்தது. இதை யாராவது எனக்கு 2022இல் சொல்லியிருந்தால் என் மனைவியின் ஐந்து பவுனாவது மிஞ்சியிருக்கும்.

ஆரம்பம் எல்லோருக்கும் நடப்பதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு ஆட்டோமொபைல் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறேன். 2020 ஊரடங்கில் கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் ராத்திரி, போனஸ் பணத்தில் ஆடிப் பார்க்கலாம் என்று விளம்பரத்தைத் தொட்டேன். முதல் வாரத்தில் 3,200 ரூபாய் ஜெயித்தேன். தீபாவளி, பொங்கலுக்கு அத்தை வீட்டில் பாய் விரித்துச் சீட்டு ஆடி வளர்ந்தவன் நான், கை நன்றாக ஓடும் என்ற பெயர் உண்டு. அந்தப் பெயரே எமனாகிவிட்டது. பாயிண்ட் ரம்மியில் ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் 80 பாயிண்ட் தோற்கலாம். பாயிண்டுக்கு 10 ரூபாய் வைத்தால் 800 ரூபாய் மூன்று நான்கு நிமிடத்தில் போய்விடும். ஜெயித்தாலும் பந்தயப் பணத்திலிருந்து ஆப் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சம் தரும். கணக்கு எழுதுகிறவனுக்கு இது புரியாமல் இல்லை. புரிந்துகொண்டேதான் ஆடினேன். 2021 கடைசியில் பர்சனல் லோன், அப்புறம் போனிலேயே தரும் கடன் ஆப்கள், அப்புறம் மனைவியின் ஒன்பது பவுன்.

2022 ஜூனில் வீட்டில் தெரிந்துபோனது. கடன் ஆப்காரர்கள் என் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் பேசினார்கள், என் மாமியார் உட்பட. நாமக்கல்லில் இருக்கும் மச்சான் அன்று இரவே வந்துவிட்டார். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. லாரி வாங்க வைத்திருந்த முன்பணத்தில் 4 லட்சத்து 60 ஆயிரம் எடுத்துக் கடனை எல்லாம் அடைத்தார், நகையை மீட்டுத் தங்கையிடம் கொடுத்தார். மறுநாள் குலதெய்வக் கோயிலில் கற்பூரத்தை ஏற்றி, அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். அழுதேன். மனைவியும் அழுதாள். உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. இதுதான் அந்தக் கணம், இனி நான் வேறு மனிதன் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் துளிகூடப் பொய் இல்லை. 47ஆம் நாள் மறுபடி ஆடினேன்.

என்ன நடந்தது என்று சொன்னால் உங்கள் வீட்டில் யாருக்காவது உதவும். கடன் எல்லாம் ஒரே நேரத்தில் அடைந்ததால், கடன் ஆப்களின் கண்ணில் நான் நல்ல வாடிக்கையாளன் ஆகிவிட்டேன். 'உங்கள் வரம்பு 80,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது' என்று செய்தி வந்தது. சம்பளம் என் கணக்கில்தான் விழுந்தது. போன் என் கையில்தான் இருந்தது. மாறியதாக நான் நினைத்தது மனது ஒன்றுதான், மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒருவரின் சூதாட்டக் கடனை அடைக்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வரிசையை மாற்றுங்கள். முதலில் சம்பளக் கணக்கு, போனில் பணம் அனுப்பும் வசதி, கடன் ஆப் எல்லாவற்றையும் அவர் கையிலிருந்து எடுங்கள். ஆறு மாத ஸ்டேட்மெண்ட்டை வாங்கி, சொன்ன கடன் போக சொல்லாத கடன் எவ்வளவு என்று பாருங்கள். நான் அன்றைக்குக்கூட 62 ஆயிரத்தை மறைத்தேன். அப்புறம் அடையுங்கள், அதுவும் கடன் கொடுத்தவருக்கு நேரடியாக, கொஞ்சம் கொஞ்சமாக. அன்பினால் ஒரே நாளில் எல்லாவற்றையும் துடைத்து விடுவது, ஆடுகிறவனுக்குப் புதுப் பலகையை எடுத்து வைப்பதுபோல ஆகிவிடுகிறது.

மகாபாரதத்தில் இது அப்படியே இருக்கிறது. தருமன் நாட்டையும் தம்பிகளையும் தன்னையும் மனைவியையும் வைத்துத் தோற்றது நமக்கெல்லாம் தெரியும். பாரதியின் பாஞ்சாலி சபதம் சபதத்தோடு முடிந்துவிடுவதால், அடுத்து நடந்தது பலருக்கு நினைவில் நிற்பதில்லை. வியாச பாரதத்தில் திருதராட்டிரன் பாஞ்சாலிக்கு வரம் கொடுத்து, தோற்ற எல்லாவற்றையும் திருப்பித் தந்து அனுப்பிவிடுகிறான். பாண்டவர்கள் இந்திரப்பிரஸ்தத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பாதி வழியில் ஆள் வருகிறது, மறுபடி ஆட வா என்று. தருமன் திரும்பிப் போய் உட்காருகிறான். சபையில் அவ்வளவும் நடந்த பிறகு, அத்தனையும் கைக்கு வந்த பிறகு, மறுபடி ஆடித் தோற்றுத்தான் பன்னிரண்டு வருடம் காடு, ஒரு வருடம் மறைந்த வாழ்க்கை. அழைத்தால் மறுக்கக்கூடாது என்பது க்ஷத்திரிய தர்மம், பெரியப்பாவின் கட்டளை என்று காரணங்கள் சொல்வார்கள். அந்த இடத்தைப் படித்த ராத்திரி எனக்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. மச்சான் பணம் கட்டிவிட்டுப் போன 47ஆம் நாள்தான் கண் முன்னால் நின்றது.

அந்த 2022 ஆகஸ்ட்டில் இன்னொன்று நடந்தது. என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. திருக்குறள் ஒப்புவித்தல் போட்டிக்காக என்னிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். 94ஆம் அதிகாரம், சூது. 'இழத்தொறூஉம் காதலிக்கும் சூதேபோல் துன்பம் உழத்தொறூஉம் காதற்று உயிர்.' சொல்லிவிட்டுக் கேட்டாள், "இழக்க இழக்க எப்படிப்பா ஆசை வரும்? கோபம்தானே வரணும்?" நான் உரையைப் பார்த்து ஏதோ சொன்னேன். கை நடுங்கியது. இழந்ததை எடுத்துவிட வேண்டும் என்ற வெறிதான் ஆடுகிறவனை மேஜையிலேயே கட்டிப் போடுகிறது, அதை ஒரே சொல்லில் 'காதலிக்கும்' என்று வள்ளுவர் வைத்திருக்கிறார். என் நோயை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. என் பெண்ணின் வாயால் அதைக் கேட்டேன். கதையாக இருந்தால் அங்கேதான் மனிதன் திருந்துவான். அன்று ராத்திரி 11 மணிக்குப் பாத்ரூமில் உட்கார்ந்து 4,000 ரூபாய் தோற்றேன்.

அதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். தன் தவறு என்னவென்று ஒருவனுக்குத் துல்லியமாகத் தெரிவது ஒரு காரியம், அதை நிறுத்துவது முற்றிலும் வேறு காரியம். ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கியைவிட இதற்குப் பெரிய சாட்சி இல்லை. 1863இல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் ரூலெட் என்ற சூதாட்ட மேஜையில் மாட்டியவர். 1866 நவம்பர் முதல் தேதிக்குள் ஒரு நாவல் தராவிட்டால் ஒன்பது வருடத்துக்குத் தன் எழுத்தெல்லாம் பதிப்பாளருக்குப் போய்விடும் என்ற ஒப்பந்தத்தில் சிக்கி, சுருக்கெழுத்துப் பெண் அன்னாவிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்து, 26 நாளில் சூதாடியின் கதையையே முடித்தார். ஆட்டக்காரனின் மனதை உள்ளே புகுந்து அவ்வளவு சரியாகச் சொன்னவர், அப்புறம் இன்னும் ஐந்து வருடம் ஆடினார். 1867இல் அதே அன்னாவைக் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போய், அவளுடைய நகை, துணிமணி, கல்யாண மோதிரம் வரை அடகுக்கு அனுப்பினார். இதுதான் கடைசி என்று அவளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். நூலகத்தில் அவர் வாழ்க்கையைப் படித்தபோது அந்தக் கடிதங்களின் தொனி எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த தொனியாக இருந்தது. அழுகை, மன்னிப்பு, 'நான் உனக்குத் தகுதியில்லாதவன்', கடைசி வரியில் பணம் அனுப்பு. நானும் வாட்ஸ்அப்பில் அதைத்தான் எழுதினேன்.

சரி, முகாம் கதைக்கு வருகிறேன். 2023 ஜனவரி. பீரோவிலிருந்து நகையை மறுபடி எடுத்துவிட்டிருந்தேன், மனைவிக்குத் தெரியாது. குற்ற உணர்ச்சியில் தூக்கமே இல்லை. அப்போதுதான் மூன்று நாள் முகாம் ஒன்றின் வீடியோ பார்த்தேன். குடியை விட்டவர், கோபத்தை விட்டவர், கடனிலிருந்து மீண்டவர் என்று வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். 28 ஆயிரம் கட்டிப் போனேன். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், தூக்கம் குறைவு, நாள் முழுக்கப் பேச்சும் இசையும் கண் மூடிச் செய்யும் பயிற்சியும். இரண்டாம் நாள் இரவு இருட்டில் நூறு பேரோடு சேர்ந்து நானும் கதறி அழுதேன். பழைய நான் செத்துவிட்டான் என்று ஒரு தாளில் எழுதி எரித்தோம். வெளியே வந்தபோது மரம், ரோடு, மனிதர்கள் எல்லாம் பளிச்சென்று கழுவி வைத்ததுபோல் தெரிந்தது. அந்த அனுபவம் பொய் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி நாள் மதியம், எல்லோரும் அந்த ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும்போதே, அடுத்த நிலைப் பயிற்சிக்கு 75 ஆயிரம் என்று படிவம் கொடுத்தார்கள். இன்றே கட்டினால் சலுகை என்றார்கள். முன்பணம் 25 ஆயிரம் கட்டினேன், கடன் ஆப்பில் எடுத்து. 19ஆம் நாள் ஆட ஆரம்பித்தேன். அடுத்த நிலைக்குப் போகவில்லை, முன்பணமும் திரும்பவில்லை. போன் செய்து கேட்டதற்கு, "நீங்க முழுசா உங்களை ஒப்படைக்கல, அதான்" என்றார்கள். அந்த வாக்கியம் என்னை அப்படியே கீழே தள்ளியது. முகாம் தோற்றது என்று தோன்றவில்லை, நான் மாறவே முடியாத பிறவி என்று தோன்றியது.

இப்படிப்பட்ட முகாமுக்குப் போகிற எண்ணம் இருந்தால் இரண்டு மூன்று விஷயங்களைக் கேட்டுவிட்டுப் போங்கள். முகாம் முடிந்த 30ஆம் நாள் என்னோடு யார் பேசுவார், அதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். பணம் திரும்பத் தரும் விதியை எழுத்தில் வாங்குங்கள். கடைசி நாளில் எதற்கும் பணம் கட்டுவதில்லை, வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்துத்தான் என்று கிளம்பும்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மனசு திறந்து கிடக்கும் நேரத்தில் பர்ஸும் திறந்துதான் கிடக்கும். பழக்க நோய் உள்ளவர்களுக்கு மருத்துவ உதவி வேண்டாம் என்று சொல்கிற இடமாக இருந்தால் போகவே வேண்டாம்.

2023 மே மாதப் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போனேன். 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்தேன். கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அருணகிரிநாதர் நினைவுதான். ஆசையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உயிரை விடத் துணிந்து கோபுரத்திலிருந்து விழுந்தவரை முருகன் தாங்கினான், 'சும்மா இரு சொல்லற' என்று உபதேசித்தான், அந்தக் கணத்திலிருந்து அவர் வேறு மனிதர். என் அம்மா சொல்லி வளர்த்த கதை. எனக்கும் அன்று சாக வேண்டும் என்றுதான் இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், இந்த நோயில் இருக்கிற பலருக்கு இந்த எண்ணம் வரும். யாராவது தாங்குவார்கள் என்று காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அன்று எனக்கு அந்த எண் தெரியாது. கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "ஏன் சாமி, மூஞ்சி வெளிறிக் கெடக்கு, உக்காரு" என்று தண்ணீர் கொடுத்ததில் அந்த ராத்திரி கடந்தது.

ஊருக்கு வந்த பிறகு திருப்புகழை எடுத்து ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். அதுவரை 'முத்தைத்தரு' தவிர அதிகம் தெரியாது. கிடைத்திருப்பவை ஆயிரத்து முந்நூறு பாடல்களுக்கு மேல். அவற்றில் ஏராளமானவை மாதர் மயக்கத்தைச் சொல்லித் தொடங்கி, நான் இதில் அழியாமல் காத்தருள் என்று கெஞ்சி, 'பெருமாளே' என்று முடிகின்றன. ஊர் ஊராகப் போய், கோயில் கோயிலாக நின்று, அதே விண்ணப்பம். புலவர்கள் இதற்கு வேறு விளக்கம் தருவார்கள், உலகத்தாருக்காகப் பாடினார் என்பார்கள். எனக்கு என்ன தோன்றியது என்று சொல்கிறேன். ஒரே கணத்தில் எல்லாம் முடிந்துவிட்ட மனிதர் எதற்காகத் தினமும் அதே வேண்டுதலைப் பாட வேண்டும்? கோபுரம் ஒரு நாள் கதை. திருப்புகழ் அதற்கு அப்புறம் வந்த அத்தனை நாள்களும். நான் கோபுரத்தை மட்டும் கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

எங்கள் கடையில் பில்லிங்கில் இருக்கும் அண்ணன் ஒருவரிடம்தான் முதன்முதலில் முழுதாகச் சொன்னேன். சர்ச்சுக்குப் போகிறவர், ஒரு காலத்தில் பெருங்குடி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பவுலைத் தெரியுமா தம்பி?" என்றார். தமஸ்கு போகும் வழியில் ஒளி பட்டுக் கீழே விழுந்து மாறியவர் என்றேன். "அது தெரியும் எல்லாருக்கும். அந்த ஆளே பின்னாடி எழுதினதைப் பாரு" என்று ரோமருக்கு எழுதிய நிருபம் ஏழாம் அதிகாரத்தைப் போனில் எடுத்துக் காட்டினார். 'நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்.' ஒளி பட்டவர் எழுதியது. அப்புறம் அண்ணன் சொன்னார், "நான் குடியை விட்டுட்டேன்னு யார்கிட்டயும் சொன்னதில்லை. இன்னிக்குக் குடிக்கல. அவ்வளவுதான். பதினாலு வருஷமா அதான் சொல்லிட்டிருக்கேன்." 1935இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இருவர் ஆரம்பித்த கூட்டங்களின் வழக்கம் அது, அவர் போகும் கூட்டமும் அந்த வழிதான். சூதாடிகளுக்கும் 1957இலிருந்து அதே மாதிரிக் கூட்டங்கள் நடக்கின்றன என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

அவரே 2023 செப்டம்பரில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார். ஓபி சீட்டுக்குக் காசு இல்லை. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். டாக்டர் அம்மாவுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். நான் குலதெய்வச் சத்தியத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் குறுக்கே கேட்டது மூன்றே கேள்வி. சம்பளம் யார் கணக்கில் விழுது? எத்தனை மணிக்கு ஆடுறீங்க? போன் எங்கே வச்சுட்டுத் தூங்குவீங்க? இது ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்க்காதீங்க, குடி மாதிரி, சிகரெட் மாதிரி ஒரு அடிமைத்தனம், 2013இலேயே மருத்துவர்கள் இதை அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள் என்றார். தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து எழுதினார். கிளம்பும்போது சொன்னார், "திருந்தறதைப் பத்தி இப்ப யோசிக்க வேண்டாம். அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க."

அதற்குப் பிறகு செய்ததை எல்லாம் சொல்கிறேன், எதுவும் பெரிய தத்துவம் இல்லை. சம்பளத்தை மனைவியின் கணக்குக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன். காரணத்தையும் சொன்னேன், வேலை போய்விடும் என்று பயந்தது நடக்கவில்லை. ஸ்மார்ட்போனைக் கொடுத்துவிட்டுப் பட்டன் போன் வாங்கினேன், 1,400 ரூபாய். என் கணக்கில் ஆன்லைன் பணப் பரிமாற்றத்தை நிறுத்தச் சொல்லி வங்கியில் கடிதம் கொடுத்தேன். எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, மறைக்காமல், பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினோம். ஆட வேண்டும் என்ற துடிப்பு வரும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்தேன். இரண்டு மாதத்தில் அதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. சம்பளத் தேதியை ஒட்டி, மனைவியோடு வாக்குவாதம் முடிந்த பிறகு, ராத்திரி 10:30 முதல் 11:30 வரை. துடிப்பு எவ்வளவு பெரிதாக வந்தாலும் 20, 25 நிமிடத்தில் தணிந்துவிடுகிறது. அதை என் நோட்டில் நானே எழுதிப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அந்த நேரத்துக்கு மாடிப்படி ஏறி இறங்குவது, பாத்திரம் கழுவுவது, அண்ணனுக்குப் போன் செய்வது. கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனார் ஆகிறான், நியாயமான காரியத்தைச் செய்து செய்துதான் நியாயவான் ஆகிறான் என்று அரிஸ்டாட்டில் சொன்னதை நான் பி.காம் படித்த காலத்தில் பொன்மொழிப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். முதலில் உள்ளே மாறி அப்புறம் வெளியே செய்ய வேண்டும் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பாத்திரம் கழுவும்போது என் மனது கொஞ்சமும் மாறியிருக்கவில்லை. கை மட்டும் வேறு வேலையில் இருந்தது.

2024 ஏப்ரலில், ஏழு மாதம் கழித்து, சறுக்கினேன். அலுவலக நண்பரின் போனில் 600 ரூபாய். பழைய நானாக இருந்தால், சத்தியம் உடைந்துவிட்டது, இனி எல்லாம் ஒன்றுதான் என்று அன்றே 60 ஆயிரம் வரை போயிருப்பேன். சத்தியத்தில் இருக்கும் ஆபத்து இதுதான். உடைந்தால் சாமி குத்தம் என்ற பயத்தில் மறைக்கச் சொல்லும், மறைத்தால் ஆட்டம் பெருகும். இந்த முறை சத்தியம் எதுவும் செய்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடும் முன்னால் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் பேச்சில்லை. அந்த மூன்று நாளைத் தாங்கியதும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று டாக்டர் சொன்னார். அதுதான் கடைசி ஆட்டம், இன்றோடு ஒரு வருடம் பத்து மாதம்.

தஸ்தயெவ்ஸ்கி கதையிலும் நான் கவனிக்காமல் விட்ட பின்பாதி ஒன்று உண்டு. 1871 ஏப்ரலில் வீஸ்பாடனில் தோற்றுவிட்டு, பத்து வருடமாக வதைத்த பேய் போய்விட்டது என்று அன்னாவுக்கு எழுதினார். அந்த ஒரு முறை உண்மையாகவே போய்விட்டது, 1881இல் இறக்கும் வரை ஆடவில்லை. இதைத்தான் எல்லோரும் அதிசயமாகச் சொல்வார்கள். ரஷ்யாவுக்குத் திரும்பிய பிறகு கடன்காரர்களோடு பேசியது அன்னா. 1873இலிருந்து அவர் புத்தகங்களைத் தானே பதிப்பித்து விற்றுக் கணக்குப் பார்த்தது அன்னா. 1872 முடிவோடு ஜெர்மனியில் சூதாட்ட விடுதிகளையே மூடிவிட்டார்கள். பேய் போனது அவருடைய கடிதத்தில் இருக்கிறது, கதவுகளை ஒவ்வொன்றாகப் பூட்டியது மற்றவர்களின் வேலை. 2025 ஆகஸ்ட்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்த செய்தியைப் பார்த்தபோது எனக்கு இந்த 1872தான் நினைவுக்கு வந்தது. நிம்மதியில் உட்கார்ந்து அழுதேன். ஆனாலும் கள்ளத்தனமாக லிங்க் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் பட்டன் போனை நான் இன்னும் மாற்றவில்லை.

இன்னொன்று, இதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நீங்கள் மாறினாலும் மற்றவர்கள் உடனே நம்ப மாட்டார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்தால் மாமியார் இன்னும் பர்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். முதல் வருடம் எனக்கு ஆத்திரமாக வரும், இவ்வளவு செய்தும் இப்படியா என்று. அங்குலிமாலன் கதையின் முடிவைப் படித்த பிறகு அந்த ஆத்திரம் குறைந்தது. கொலைகாரன் புத்தரைத் துரத்திக்கொண்டு ஓடியதும், 'நான் நின்றுவிட்டேன், நீயும் நில்' என்று அவர் சொன்னதும் பள்ளியில் படித்ததுதான். மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த நூலில் கதை அதோடு முடியவில்லை. துறவியான பிறகு பிச்சைக்குப் போகும்போது ஊரார் கல்லாலும் கட்டையாலும் அடிக்கிறார்கள். தலை உடைந்து, பிச்சை ஓடு உடைந்து, துறவாடை கிழிந்து இரத்தத்தோடு வந்து நிற்கிறான். புத்தர் அவனுக்காக ஊராரிடம் போய்ப் பேசவில்லை. பொறுத்துக்கொள் என்று அவனிடம்தான் சொல்கிறார். கல் எறிந்தவர்கள் வீட்டில் யார் செத்திருந்தார்களோ. என் மாமியார் மகளின் கழுத்திலிருந்து போன பவுன் ஐந்து. அது 2023இல் ஏலத்துக்குப் போனது, இன்று பவுன் விலை அன்றைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அவர் பர்ஸை மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

மச்சானுக்கு மாதம் 5 ஆயிரம் வீதம் 15 மாதமாகக் கட்டுகிறோம், இன்னும் 3 லட்சத்து 85 ஆயிரம் பாக்கி. அடகில் மிச்சம் இருந்த நாலு பவுனில் இரண்டு பவுன் செயினைப் போன மாதம் மீட்டோம். ரசீதில் கையெழுத்துப் போட்டது மனைவி. செயினை எடை பார்த்து வாங்கி, கழுத்தில் போட்டுக்கொள்ளாமல் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்தாள். டவுன் பஸ்ஸில் பையை ஜன்னல் பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கட்டணமில்லை, எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன், காலையில் அவள் தந்த 200 ரூபாயில். வீடு வந்ததும் வழக்கம்போல மீதிச் சில்லறையை மேஜையில் வைத்து, நோட்டில் எழுதினேன். ஒன்பதாம் வகுப்புக்காரி எட்டிப் பார்த்து, கூட்டலைச் சரிபார்த்துவிட்டுப் போனாள்.